உன் அப்பா மறுக்கவில்லை

ஷீபா, நீ வேலூருக்கு வெள்ளை ஷூ வாங்கப் போயிருக்கிறாய். திரும்பி வர எப்படியும் மூன்று மணி ஆகும். நீ வீட்டில் இருக்கும்போது என்னால் இதை எழுத முடியாது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. நான் பேசத் தெரியாதவள் என்பது உனக்குத் தெரியும். நாட்றம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். நர்சிங் வகுப்பில் நாலு வருஷமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பதில் தெரிந்தாலும் கை தூக்கமாட்டேன், நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். நாளை மறுநாள் நீ சென்னையில் ஒரு வார்டில் நர்ஸாக நிற்கப்போகிறாய். அதற்குள் இதை நீ படித்துவிட வேண்டும்.

போன வாரம் உங்கள் கல்லூரியில் நடந்த பிரிவு உபசார விழாவில் உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நீ என்னைப் போல இல்லை, மைக்கைப் பார்த்தால் உனக்குப் பயம் கிடையாது. "எங்கப்பா டேனரியில வேலை பார்த்தாரு. மூணு நாளு காய்ச்சல். எங்கம்மா நர்ஸ். அவங்க கூப்பிட்டும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சாரு. அதனாலதான் நான் நர்சிங் எடுத்தேன். வரமாட்டேன்னு சொல்ற ஒருத்தரையாவது கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடணும்" என்று சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவர் எதற்காக என்று நினைத்தாரோ, அதற்காக இல்லை.

உன் அப்பா மறுக்கவில்லை, ஷீபா. அவர் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன்.

இந்த வரியை எழுத எனக்கு நாலரை வருஷம் ஆகியிருக்கிறது. இனி எப்படி நடந்தது என்று ஒன்று விடாமல் சொல்கிறேன். மகளாகவும் நீ அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், நர்ஸாகவும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ ஒன்றாம் வகுப்பு படித்த சமயம். ஆம்பூரில் நான் வேலை பார்த்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு, டேனரியில் தோலுக்குச் சாயம் ஏற்றும் டையிங் செக்ஷனிலிருந்து ஒருவரை வயிற்று வலி என்று கூட்டி வந்தார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் மெஷினை அவர் விரலில் மாட்டினாள். எண்பத்து நாலு காட்டியது. அவள் அலறிவிட்டாள். ஒருவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடி வருகிறார், இன்னொருவர் டாக்டருக்குப் போன் செய்கிறார். நான் ஓரமாக நின்று அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் சூப்பர்வைசரை மூச்சு விடாமல் திட்டிக்கொண்டிருந்தார். எண்பத்து நாலு இருக்கிற மனிதனால் இப்படித் திட்ட முடியுமா? அவர் கையைத் திருப்பிப் பார்த்தேன். நகம் ஒவ்வொன்றும் கருநீலமாக இருந்தது. உன் அப்பாவின் நகங்களும் அதே நிறம்தான். டிரம்மிலிருந்து தோலை எடுத்து, சாயம் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று கிளவுஸைக் கழற்றிவிட்டுப் பிழிந்து பார்ப்பார்கள். எந்த சோப்புக்கும் அது போகாது. மெஷினின் வெளிச்சம் அந்த நகத்தைத் தாண்டிச் சரியாகப் போகாமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. காதில் மாட்டுகிற கிளிப்பை எடுத்து வந்து அவர் காது மடலில் மாட்டினேன். தொண்ணூற்று எட்டு.

டாக்டர் வந்து, "யாரு இதப் பார்த்தது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் தரையைப் பார்த்தேன். அன்றிலிருந்து அங்கே எனக்கு 'காது சிஸ்டர்' என்று பேர். வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "இன்னா காது சிஸ்டரம்மா, எங்காதையும் கொஞ்சம் பாரேன். வூட்ல நீ சொல்றது எதுவும் விழமாட்டேங்குது" என்றார். என் வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதை நான் பல வருஷம் வைத்துச் சாப்பிட்டேன்.

என்ன நடந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அன்று நான் அவர் பேச்சைக் கவனித்தேன், மூச்சைக் கவனித்தேன், நகத்தைப் பார்த்தேன், அதற்குப் பிறகும் என்னை நம்பாமல் காதில் மாட்டிச் சரிபார்த்தேன். அதே மாதிரி டேனரி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் காதில் தொண்ணூற்று ஏழு, தொண்ணூற்று எட்டுதான் வந்தது. கொஞ்ச காலத்தில் காதில் மாட்டுவதை விட்டேன். அப்புறம் நகத்தைப் பார்ப்பதும் நின்றது. டையிங் ஆள் என்றால் நம்பர் கம்மியாகத்தான் காட்டும் என்ற முடிவு மட்டும் மனசில் தங்கிவிட்டது. புதுப் பெண்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். "சாயக் கைம்மா, பயப்படாத." நான் சொன்னதில் பொய் இல்லை. எதைச் செய்து அது உண்மை என்று தெரிந்துகொண்டேனோ அதை, காதில் மாட்டிச் சரிபார்ப்பதை மட்டும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே மறந்துபோயிருந்தது.

அந்த வியாழக்கிழமை காலையில் நீ ஆறு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்விட்டாய். பிளஸ் டூ. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள். கொரோனா இல்லை என்று முந்தின நாளே ரிசல்ட் வந்திருந்தது. அப்பாடா என்று இருந்தோம். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, முன்பக்கமாகச் சாய்ந்திருந்தார். காபி கொடுத்தேன். கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடிக்கிற மனிதர், ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். மூச்சு வாங்கினார். மறுபடி எடுத்து ஒரு வாய். நான் புடவைக்குப் பின் குத்திக்கொண்டே அதைப் பார்த்தேன். கொரோனா சமயத்தில் வாங்கி வைத்திருந்த மெஷினை அவர் விரலில் மாட்டினேன். எண்பத்து மூன்று.

"இன்னாது… எம்பத்தி மூணா?" என்றார்.

"சாயங்க. உங்க கைக்கு அது அப்டித்தான் காட்டும்."

அவர் விரலைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு… போலாமா? உங்கூடவே… வந்துடறேன்."

"இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்திங்க. வெளிய பெஞ்சுல உக்காந்து பேஜாராயிடும். நான் ரெண்டு மணிக்கு வந்துடறேன், சாயந்திரமா போலாம். மாத்திரை போட்டுட்டுப் படுங்க."

அவர் என்னோடு வாதாடவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வாதாடுவார், உடம்பு விஷயத்தில் மட்டும் நான் சொன்னதுதான் அவருக்கு வேதம். "சரி," என்றார். "உனக்குத்… தெரியாததா."

அவர் வார்த்தைகளுக்கு நடுவே நான் போட்டிருக்கும் புள்ளிகளைப் பார். அவை அப்போதும் இருந்தன. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க அவரால் முடியவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது, காபியை நிறுத்தி நிறுத்திக் குடித்தது, துண்டு துண்டாகப் பேசியது, எல்லாம் பரீட்சையில் நான் எழுதி மார்க் வாங்கிய விஷயங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக என் கண்ணில் பட்டது. நான் சேர்த்துப் பார்க்கவில்லை. 'சாயம்' என்ற ஒரு வார்த்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அவருடைய கால் விரலில் மாட்டிப் பார்த்திருக்கலாம், ஷீபா. நாள் முழுக்க ரப்பர் கம்பூட் போடுகிறவர். கால் நகங்களில் ஒரு சொட்டுச் சாயம் கிடையாது. குனிந்து மாட்ட அரை நிமிஷம் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது. அவரைக் கூட்டிக்கொண்டு போனால், டாக்டரிடம் போய் "என் வீட்டுக்காரர், கொஞ்சம் சீக்கிரம் பார்க்கணும்" என்று நான் கேட்க வேண்டும். அதற்கு முந்தின மாதம் வேறொரு சிஸ்டர் தன் மாமியாரைக் கூட்டி வந்தபோது, "இவங்களுக்கு தும்மல் வந்தாலே குடும்பத்தோட வந்துடுவாங்க" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. என்னைப் பற்றி அப்படி ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். கூட்டம் என்று அவரிடம் சொன்னது பாதி உண்மை. மீதி என் கூச்சம்.

அன்று காலையில் வார்டில் நான் நல்ல நர்ஸாகத்தான் இருந்தேன். இதை நீ நம்ப வேண்டும், ஏனென்றால் நாளைக்கு உனக்கும் இப்படி நடக்கலாம். குடல் ஆபரேஷன் ஆகி நாலாம் நாள், ஒரு விவசாயி. அவர் சார்ட்டில் ராத்திரி ஷிப்டில் மூச்சு எண்ணிக்கை இருபது என்று எழுதியிருந்தது. எல்லோர் சார்ட்டிலும் இருபதுதான் இருக்கும், நீயும் பார்ப்பாய். யாரும் எண்ணுவதில்லை. வார்டு பெருக்க வந்த அம்மா என்னிடம், "சிஸ்டர், பெரியவரு நேத்து என்கிட்ட வம்பு பேசிக்கினு இருந்தாரு. இன்னைக்கு மூஞ்சியத் திருப்பிக்கினு கீறாரு. எனக்கு இன்னாவோ மாரி கீது" என்றாள். நான் போய் நாடி பார்ப்பது போல அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். முப்பத்திரண்டு. டாக்டரைக் கூப்பிட்டேன். குடலில் போட்ட தையல் கசிந்து உள்ளே சீழ் வைத்திருந்தது. உடனே தியேட்டருக்குக் கொண்டு போனார்கள், பிழைத்துக்கொண்டார். "நல்லவேளை எண்ணிப் பார்த்தீங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனிதரின் மூச்சை நான் எண்ணவில்லை என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பன்னிரண்டரைக்குப் பக்கத்து வீட்டு ஆயிஷா அக்கா போன் செய்தார். "சிஸ்டர், உன் வூட்டுக்காரரு படியில உக்காந்துட்டாரு. கூப்ட்டா தலைய மட்டும் ஆட்டறாரு. உதடெல்லாம் ஒரு மாரி கீது. நான் ஆட்டோல ஏத்திட்டேன், வந்துக்கினே கீறோம்."

ஆட்டோவிலிருந்து இறக்கும்போதுதான் பார்த்தேன். சட்டை மாற்றியிருந்தார். தலை சீவியிருந்தார். சட்டைப் பையில் ஆதார் கார்டு இருந்தது. அவர் தனியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார், ஷீபா. வரமாட்டேன் என்று சொன்ன மனிதர் என்று நீ மேடையில் சொன்னாயே, அவர் நடக்க முடியாத நிலையில் பத்துப் படி இறங்கி, என்னிடம் வருவதற்காகக் கிளம்பியவர். என்னோடு வேலை செய்த பெண், சாயக் கைக்குப் பயப்படாதே என்று நான் சொல்லிக்கொடுத்த பெண், அவர் கையைப் பார்த்துவிட்டு நேராகக் கால் விரலில் மாட்டினாள். அறுபத்தெட்டு. இரண்டு பக்க நுரையீரலிலும் நிமோனியா. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வென்டிலேட்டரில் இருந்ததும், நாலாம் நாள் நடந்ததும் உனக்குத் தெரியும். காலையிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அங்கே ஒரு டாக்டரிடம் கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நானாகப் போய்க் கேட்ட கேள்வி. "சொல்ல முடியாதும்மா" என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஒரு நர்ஸுக்கு அதற்கு அர்த்தம் தெரியும்.

அடக்கத்துக்கு முன்னால் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். உன் அத்தை, அவருடைய கூடப்பிறந்த அக்கா, எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். "ஏம்மா, ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்கறியே, கூடவே கெடந்த மனுசனுக்கு முடியலன்னு உனக்குத் தெரியலியா?" அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. வகுப்பில் டீச்சர் எழுப்பி நிற்க வைத்தது போல இருந்தது. என் வாயிலிருந்து வந்தது: "நான் கூப்பிட்டேன் அண்ணி. அவர்தான் வரமாட்டேன்னுட்டாரு."

அவ்வளவுதான். ஒரே வாக்கியம். நான் யோசித்துச் சொன்னது இல்லை, ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. உன் அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "அவன் சின்னதுலேர்ந்தே அப்டித்தான், ஊசின்னா ஓடிடுவான்" என்றார். ஆளுக்கு ஒரு பிடிவாதக் கதை சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் உன் அப்பா தன் சாவுக்குத் தானே காரணமானவர் ஆகிவிட்டார். பெட்டிக்குள் படுத்திருந்தவரால் பதில் சொல்ல முடியுமா? நீ அந்த மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அழுகை நின்று, கோபம் வந்தது. அந்த நிமிஷமே உன்னைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். காலேஜில் சேரட்டும் என்று நினைத்தேன். அதற்குள் நீ நர்சிங் எடுத்துவிட்டாய்.

நாலு வருஷமாக நினைவு நாளில் நீ கல்லறைத் தோட்டத்துக்கு வருவதில்லை. "வந்து இன்னா பண்ண? அவரு நம்மளப் பத்தி நெனைச்சிருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாரு" என்று ஒரு தடவை சொன்னாய். நான் பூவை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். அவர் முன்னால் நின்று என்ன ஜெபம் செய்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அவரை உன்னிடமிருந்து இரண்டு தடவை பறித்திருக்கிறேன். முதல் தடவை தெரியாமல் செய்தேன். இரண்டாவது தடவை, தினமும், தெரிந்தே செய்தேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸுக்கு ஷிப்ட் மாறும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டியது சில இருக்கின்றன. மூச்சை எண்ணு. ஒரு முழு நிமிஷம் எண்ணு. எண்ணாத நம்பரை எழுதாதே, "பார்க்கவில்லை" என்று எழுதினாலும் பரவாயில்லை. மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று உனக்குத் தோன்றினால் அது தப்பு என்று நிரூபித்துவிட்டுத்தான் கட்டிலை விட்டு நகர வேண்டும். நீ அனுபவசாலி ஆவாய், பார்த்த உடனே சொல்கிற கண் உனக்கு வரும். அந்தக் கண் வருகிற வருஷத்தில்தான் நீ ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வார்டு பெருக்குகிறவர் வந்து ஆள் ஒரு மாதிரி இருக்கிறார் என்று சொன்னால், கையில் என்ன வேலை இருந்தாலும் போய்ப் பார். நோயாளி நேற்று எப்படி இருந்தார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நேற்றைய மனிதருக்கும் இன்றைய மனிதருக்கும் என்ன வித்தியாசம் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. டாக்டரைக் கூப்பிடக் கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சத்தோடேயே கூப்பிடு. உன்னை என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கிற நேரத்தில் அங்கே ஒருவருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்.

தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. நான் நர்ஸாகச் செய்த தப்பு ஒரு காலை நேரத்தில் முடிந்துவிட்டது. மறைத்த தப்பு இந்த வீட்டில் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியை மூடும்வரை நான் அங்கேதான் இருந்தேன். புதுப் பெண்களிடம் "சாயக் கை, காதிலோ காலிலோ மாட்டிப் பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏன் என்று ஒருத்தி கேட்டபோது, ஒரு பேஷண்டுக்கு இப்படி ஆயிற்று என்றேன். அந்தப் பேஷண்ட் யார் என்று சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை மற்ற நர்ஸுகளும் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. ஆனால் முதலில் படிக்கப்போவது நீ. வேண்டாம் என்று நீ சொன்னால் இது உன்னோடு நிற்கட்டும். உன் அத்தைக்கு மட்டும் நானே நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். அதில் உன் சம்மதத்தைக் கேட்கப்போவதில்லை. அது அவருக்கு நான் செய்ய வேண்டியது.

இதைப் படித்த பிறகு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். சென்னையிலிருந்து போன் செய்யாமல் இருக்கலாம். மன்னித்துவிடு என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால், நீ நல்ல பெண், அவசரமாக மன்னித்துவிடுவாய். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது நீ மட்டும் கல்லறைத் தோட்டத்துக்குப் போ. நான் வரமாட்டேன். அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் இரு. இத்தனை வருஷம் அவர் மேல் வைத்திருந்த கோபத்தில் ஒரு துளிகூட அங்கே விட்டுவிட்டு வராதே. அது அவருடையது இல்லை. முழுசாக வீட்டுக்குக் கொண்டு வா. நான் எங்கும் போகமாட்டேன், கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.